லயத்திற்குப் பின் வாடகை: புஞ்சாக் ஆலாம் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களும் மலிவு வீட்டுத் தேடலும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் சமூக வரலாற்றை ஆராய்ந்தோர் தோட்டத்தைப் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் அடுத்து எந்தக் கூரையின் கீழ் வாழ்ந்தன என்பது அந்த அளவிற்கு எழுதப்படவில்லை. லயன் வீட்டிற்கும் சொந்த வீட்டிற்கும் இடையில் வாடகை வீடு என்னும் நீண்ட இடைக்காலம் ஒன்று உள்ளது. பல குடும்பங்கள் இரண்டு தலைமுறைகளாகியும் அந்த இடைக்காலத்தைக் கடக்கவில்லை.

கோலசிலாங்கூர் மாவட்டத்தின் புஞ்சாக் ஆலாம் இதனைக் காண்பதற்குத் தக்க இடமாகும். புதிய வீடமைப்புப் பகுதிகளும் பல்கலைக்கழக வளாகமும் எழுந்துள்ள இந்நகரைச் சுற்றிலும் துவான் மீ, கோல்பீல்ட்ஸ், புக்கிட் செராக்கா, புக்கிட் ஈஜோக் முதலிய தோட்டப் பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. அவற்றுட் பலவற்றைத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளே காத்து வருகின்றன. 2005இல் கத்ரி நெடுஞ்சாலையும் 2011இல் லாத்தார் நெடுஞ்சாலையும் திறக்கப்பட்டபின் இவ்வட்டார நிலம் தலைநகருக்கு அண்மையதாயிற்று. நிலத்தின் விலை உயர்ந்தால் அதன்மேல் நிற்கும் வீட்டின் வாடகையும் உயரும்.

குறைந்த வருமானமுடைய ஒரு குடும்பம் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை வரும்போது அரசு சார்ந்த மலிவு வீடொன்றை அடைய என்ன வழிகள் உள்ளன, அவ்வழியில் எங்கே தடை விழுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதில் தமிழாசிரியருக்கு என்ன தொடர்பு என்ற வினா எழலாம். ஆண்டின் நடுவில் பிள்ளைக்குப் பள்ளி மாற்றுக் கடிதம் கேட்டு வரும் தாயைப் பெரும்பாலும் முதலில் சந்திப்பவர் ஆசிரியரே. வீட்டு அலுவலகத்திற்கு அத்தாய் இன்னும் போயிருக்கமாட்டார்.

வேலையோடு வந்த வீடு

தோட்டத்தில் வீடு கூலியின் ஒரு பகுதியாக இருந்தது. கூரை ஒழுகினால் கிராணியாரிடம் சொன்னார்கள். பிள்ளைக்குத் திருமணமானால் இன்னொரு கதவு கேட்டார்கள். வாடகை ஒப்பந்தமோ முன்பணமோ நிலவரி ரசீதோ அவர்கள் கைக்கு வந்ததில்லை. 1966இல் இயற்றப்பட்டுப் பின்னர் 1990இல் மாற்றியமைக்கப்பட்ட தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம், தோட்ட வீட்டின் பரப்பு, குடிநீர், கழிவறை முதலியவற்றுக்கு அளவுகோல் வகுத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அதன் எல்லை விரிவாக்கப்பட்டு, 2020 ஜூன் முதல் பிற தொழில்துறைகளையும் உள்ளடக்கியது. நல்ல சட்டமே. ஆயினும் அது தொழிலாளரின் வீட்டைப் பற்றிய சட்டமாகும். வேலை முடிந்த நாளுக்கு அடுத்த நாள் அவர் எங்கே உறங்குவார் என்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இந்த அச்சம் புதியதன்று. 1950களில் ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோதே, வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோகும் என்பதைச் சமூகம் உணர்ந்தது. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. தோட்டத்தைக் காத்தால் வீட்டையும் காக்கலாம் என்பதே அதன் அடிப்படை. 1970களில் தோட்டத் தொழிலாளருக்கான சொந்த வீட்டுத் திட்டம் பேசப்பட்டது. அது முதலாளிகளின் விருப்பத்திற்கு விடப்பட்டமையால் ஒரு சில தோட்டங்களோடு நின்றுவிட்டது.

தோட்டம் மூடப்படும்போது கிடைக்கும் தொகையையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் பணிநீக்கப் பயன் விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம் உரியது. இருபதாண்டு உழைத்தவருக்கு 400 நாள் கூலி. நாட்கூலியை 15 ரிங்கிட் எனக் கொண்டால் அது 6,000 ரிங்கிட். அக்காலத்தில் மலிவு வீட்டின் உச்ச விலையாக அரசு வகுத்திருந்தது 25,000 ரிங்கிட். எஞ்சிய தொகைக்கு வங்கிக் கடன் வேண்டும். நாட்கூலிக்காரருக்கு வங்கி எளிதில் கடன் தருவதில்லை. எனவே பலர் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டிக்கொண்டனர். 2005க்குள் புறம்போக்குக் குடியிருப்பே இல்லாத மாநிலமாக்குவது என்ற சிலாங்கூர் அரசின் கொள்கை அவ்வழியையும் அடைத்தது. எஞ்சியது வாடகை வீடு.

ஒப்பீட்டிற்காக இலங்கை மலையகத்தைக் குறிப்பிடலாம். அங்கும் லயமே வீடு. ஆனால் அங்குள்ளோரின் கோரிக்கை, தோட்டத்திற்குள்ளேயே ஏழு பேர்ச் நிலமும் தனி வீடும் என்ற வடிவத்தைப் பெற்றது. தோட்டங்கள் அங்கே தோட்டங்களாகவே நீடிப்பதால் அது இயன்றது. சிலாங்கூரில் தோட்டமே நகராகிவிட்டது.

காலி செய்யச் சொன்னால்

மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கெனத் தனிச்சட்டம் ஒன்று வேண்டும் எனப் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. முன்பிருந்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அதுவும் 1997இல் நீக்கச் சட்டம் இயற்றப்பட்டு, 2000ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தது. ஆகவே புதிய தாமான்களில் வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் புதுப்பிக்க மறுக்கும் வீட்டுக்காரரிடம் காரணம் கேட்கவும் இயலாது.

எனினும் வாடகைதாரர் முற்றிலும் கையறு நிலையில் இல்லை. 1950ஆம் ஆண்டின் குறித்த நிவாரணச் சட்டத்தின் 7(2)ஆம் பிரிவு, ஒப்பந்தம் முடிந்தும் குடியிருப்பவரிடமிருந்து நீதிமன்றத்தின் வழியாக மட்டுமே வீட்டைத் திரும்பப் பெற முடியும் என்கிறது. வேலைக்குப் போன நேரத்தில் பூட்டை மாற்றுவதும் சாமான்களை வெளியே எடுத்து வைப்பதும் சட்டத்திற்குப் புறம்பான செயல்கள். நம் மக்களிடையே இந்தப் பிரிவைப் பற்றிய அறிவு மிகக் குறைவு. “நாளைக்குள் போய்விடு” என்ற ஒரு சொல்லுக்கே அஞ்சி, உறவினர் வீட்டுக் கூடத்திற்குப் பெட்டியோடு சென்றுவிடும் குடும்பங்கள் உண்டு. போன பிறகு செலுத்திய முன்பணத்தைக் கேட்டு வாங்குவது மிகக் கடினம்.

இவ்வுரிமையை மிகைப்படுத்திக் கூறுவதும் தீங்காகும். வாடகை பாக்கி இருந்தால் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வீட்டுக்காரர் நீதிமன்ற ஆணை பெற்று, பன்னிரண்டு மாதம் வரையிலான பாக்கிக்காக வீட்டுப் பொருள்களைக் கைப்பற்றச் செய்யலாம். உடுதுணி, படுக்கை, தொழிற்கருவி போன்றவற்றுக்கு விலக்குண்டு. குளிர்பதனப் பெட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் இல்லை. ஒப்பந்தம் முடிந்தும் தங்கினால், 1956ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி இரட்டை வாடகை கோரவும் அவருக்கு இடமுண்டு. எனவே சட்டம் ஒரு குடும்பத்திற்குப் பெற்றுத் தருவது சில வாரங்கள், சில வேளைகளில் சில மாதங்கள். அந்தக் கால அவகாசத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே முக்கியம். அறிவிப்பை எழுத்தில் கேட்டு வாங்குவது அதன் முதற்படி. அந்தத் தாள் பின்னர் வீட்டு விண்ணப்பத்தோடு இணைக்க உதவும். வாய்மொழியாகத் துரத்தப்பட்டவரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இராது.

இங்கே ஒரு சிக்கலைச் சுட்ட வேண்டும். ஏழைக் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு பெரும்பாலும் வேறொருவருக்கு மலிவு விலையில் கிடைத்த வீடாகவே இருக்கிறது. சில திட்டங்களில் வாங்கியவர் அவ்வீட்டில் தாமே குடியிருக்க வேண்டும், குறிப்பிட்ட காலத்திற்குள் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனை உண்டு. நிபந்தனையை மீறி வாடகைக்கு விடுபவர் எழுத்துமூல ஒப்பந்தம் தரமாட்டார். முத்திரை வரி செலுத்தமாட்டார். ரசீதும் இல்லை. ஏழைக்காகக் கட்டப்பட்ட வீட்டில் ஏழையே குடியிருக்கிறார், ஆயினும் ஏட்டில் அவர் அங்கே இல்லை.

மலிவு வீடு என்னும் சொல்

பொதுப்பேச்சில் “கவர்மெண்டு வீடு” என ஒரே சொல்லால் குறிக்கப்படுபவை உண்மையில் மூன்று வேறு வேறு ஏற்பாடுகள். இவற்றை வேறுபடுத்தி அறியாமையே பல விண்ணப்பங்கள் வீணாவதற்குக் காரணம் என்பது எமது கருத்து.

முதலாவது, விலைக்கு விற்கப்படும் மலிவு வீடு. 1982இல் இதன் உச்ச விலை 25,000 ரிங்கிட்டாக வகுக்கப்பட்டது. 1998இல் இடத்திற்கேற்ப 42,000 வரை உயர்த்தப்பட்டது. தனியார் மேம்பாட்டாளர்கள் தம் திட்டங்களில் 30 விழுக்காட்டை இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது பொதுக் கொள்கையாக இருந்தது. சிலாங்கூரில் இதன் தொடர்ச்சியே ரூமா சிலாங்கூர்கூ. அதன் ‘ஏ’ வகை வீடு 700 சதுர அடி, 42,000 ரிங்கிட். குடும்ப வருமானம் 3,000 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது. பின்னர் வந்த ‘இடாமான்’ வகை 1,000 சதுர அடி, 250,000 ரிங்கிட். இவ்விரு எண்களுக்கும் இடையிலான தொலைவை வாசகர் கவனிக்க வேண்டும். ‘மலிவு’, ‘வாங்கத்தக்க’ என்ற இரு சொற்களும் நாளேடுகளில் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குகின்றன. விண்ணப்பத்தில் அவை வெவ்வேறு வருமானப் பிரிவினருக்கு உரியவை.

இரண்டாவது, கூட்டரசு வீட்டுவசதி அமைச்சின் மக்கள் வீடமைப்புத் திட்டம். 1998இல், ஆசிய நிதி நெருக்கடியை ஒட்டி விரிவாகத் தொடங்கப்பட்டது. மூன்று அறைகள், 700 சதுர அடி, மாத வாடகை 124 ரிங்கிட். நம் கட்டுரையின் குடும்பத்திற்கு மிகப் பொருத்தமானது இதுவே. ஆனால் வாடகைக்குரிய இவ்வீடுகளின் பெரும்பகுதி கோலாலம்பூரில் உள்ளது. ஈஜோக்கில் உணவகத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்பவர் அங்கே குடியேறினால் மிஞ்சிய வாடகைப் பணம் பயணத்திலேயே போய்விடும்.

மூன்றாவது, சிலாங்கூர் அரசின் ஸ்மார்ட் சேவா திட்டம். வீடு வாங்க இயலாதவர்க்குக் குறிப்பிட்ட காலத்திற்கு வாடகைக்குத் தந்து, செலுத்திய வாடகையின் ஒரு பகுதியைப் பின்னர் வீடு வாங்குவதற்கான முன்பணமாகத் திருப்பித் தருவது இதன் முறை. வாடகை மக்கள் வீடமைப்புத் திட்டத்தைவிடக் கூடுதல். ஆயினும் இது சிந்தித்து அமைக்கப்பட்ட திட்டம் என்போம். ஏனெனில் வாடகையிலிருந்து சொந்த வீட்டிற்குச் செல்லும் இடைவெளியை ஏற்றுக்கொண்டு அதற்குப் பாலம் போட முயல்வது, நாம் கண்டவற்றுள் இது ஒன்றே.

விலைக்கு வாங்கும் வழியில் வங்கிக் கடனே இறுதித் தடை. ஊழியர் சேமநிதிச் சந்தா இல்லாத குத்தகை வேலைக்காரர், லாரி உதவியாள், வீட்டில் பலகாரம் செய்து விற்கும் பெண் ஆகியோருக்கு மாத வருமானம் இருந்தும் சம்பளச் சீட்டு இல்லை. இவர்களை முன்னிட்டே 2008இல் வீட்டுக்கடன் உத்தரவாத நிறுவனம் ஒன்றை அரசு அமைத்தது. நிலையான வருமானச் சான்று இல்லாதோர் பெறும் கடனுக்கு அது வங்கியிடம் பொறுப்பேற்கிறது. இதனை அறிந்தவர் நம் வட்டாரத்தில் சிலரே.

காத்திருப்பின் அளவு

வீடு கிடைக்க எவ்வளவு காலம் ஆகும் என்பதற்குப் பொது விடை கூற முடியாது. ஆயின் இம்மாவட்டத்தின் எல்லையை ஒட்டி ஒரு நிகழ்வு உண்டு. மேரி, சுங்கை திங்கி, நைஜல் கார்ட்னர், மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்கள் பெஸ்தாரி ஜெயாவிற்கும் (2007க்கு முன் பத்தாங் பெர்ஜுந்தை) புக்கிட் தாகாருக்கும் இடைப்பட்ட பகுதியைச் சேர்ந்தவை. அவற்றின் முன்னாள் தொழிலாளர் 245 குடும்பத்தினர் தரை வீடு கேட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடினர். நில உரிமையாளர், மாநில அரசு, கூட்டரசு என மூன்று வாசல்களுக்கும் மனுக்கள் சென்றன. 2024ஆம் ஆண்டில்தான் ஏறத்தாழ 20 ஏக்கர் நிலத்தில் அவர்களுக்கான வீட்டுத் திட்டம் உருப்பெற்றது. கோரிக்கை தொடங்கிய காலத்தில் நடுவயதினராக இருந்தவர்களுள் சிலர் அதனைக் காணும்முன் மறைந்தனர்.

புத்ராஜெயா எழுந்த பிராங் பெசார் தோட்டத்தின் தொழிலாளரும் இவ்வாறே தெங்கிலின் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டு, தரை வீட்டிற்காக நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது.

இவை கூட்டாகப் போராடியவர்களின் வரலாறு. அவர்களிடம் ஒரு பெயர் இருந்தது, ‘இன்ன தோட்டத்தார்’ என்ற பெயர். தனித்தனியாக வாடகைக்குச் சிதறிய குடும்பத்திற்கு அந்தப் பெயர் இல்லை. இரண்டு மாத அறிவிப்பில் வெளியேறும் குடும்பம், ஆண்டுக்கணக்கில் நகரும் வரிசையில் தனியாக நிற்கிறது. அறிவிப்பு வந்தபின் விண்ணப்பிப்பது, நெல் விளைந்தபின் வரப்பு வெட்டுவது போன்றது. வாடகை வீட்டிற்குக் குடிபுகும் அன்றே அரசு வீட்டிற்கும் பெயர் பதிய வேண்டும் என்பதே நாம் வலியுறுத்தும் கருத்து.

இடைக்காலச் செலவையும் கணக்கிட வேண்டும். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் சேமநிதிக்கு 187 ரிங்கிட் போனால் கைக்கு வருவது ஏறத்தாழ 1,500. புதிய வாடகை 600 எனக் கொள்வோம். இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்திற்கென அரை மாதம், முதல் மாத வாடகை எனக் கேட்பது நாட்டு வழக்கம். மொத்தம் 2,100 ரிங்கிட். பழைய வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தருவதற்குள் இத்தொகையைப் புரட்டியாக வேண்டும். கைமாற்று, நகை அடகு, அதற்கும் வழியில்லையேல் வட்டி முதலைகள். வீடு மாறுவதால் ஏற்படும் கடன் அடுத்த வாடகைப் பாக்கிக்கு வித்திடுகிறது.

தாள்கள்

விண்ணப்பத்திற்கு வேண்டிய ஆவணங்கள் எளியனவாகவே தோன்றும். கணவன் மனைவி இருவரின் அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வருமானச் சான்று, வேறு வீடு இல்லை என்ற உறுதிமொழி. தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் இவ்வொவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு.

திருமணச் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் நடப்புக்கு வந்தது. அதன்பின் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. கோயிலில் தாலி கட்டி, ஊரார் வாழ்த்திய எத்தனையோ இணையர் பதிவு அலுவலகத்திற்குப் போகவில்லை. வீட்டு விண்ணப்பத்தில் அவர்கள் குடும்பமாக எண்ணப்படுவதில்லை. இதன் நிழல் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழிலும் விழுகிறது. தந்தை பெயரின்றிப் பதியப்பட்ட பிள்ளைகள் உள்ளனர். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்தியவர்களும் உள்ளனர். 2011இல் நடத்தப்பட்ட மைடாஃப்தார் இயக்கம் இக்குறையைக் களைய முற்பட்டது. குறை முழுதும் தீரவில்லை. குடியுரிமை இல்லாதவர் பெயரில் அரசு வீட்டு விண்ணப்பம் செல்லாது. வீட்டில் குடியுரிமையுள்ள மற்றொருவர் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும்.

சம்பளச் சீட்டு இல்லாதவர் சத்தியப் பிரமாண ஆணையர் முன் உறுதிமொழிப் பத்திரம் செய்யலாம். சட்டமன்ற உறுப்பினர் சேவை மையமும், சிலாங்கூரில் நியமிக்கப்பட்டுள்ள இந்திய சமூகத் தலைவர்களும் இதில் வழிகாட்டுவர். சட்ட ஐயங்களுக்குச் சட்ட உதவித் துறையை அணுகலாம். விண்ணப்பத்தைச் சிலாங்கூர் வீடமைப்பு சொத்துடைமை வாரியத்திலும் கூட்டரசு அமைச்சிலும் தனித்தனியே செய்ய வேண்டும். ஒன்றில் பதிந்தால் மற்றொன்றுக்குத் தானாகச் செல்லும் என்று நம்பியிருந்து ஆண்டுகளை இழந்தவர்களை நாம் சந்தித்திருக்கிறோம். இன்னொரு நுட்பம், முகவரி. வீடு மாறும்போது விண்ணப்பத்திலுள்ள முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மாற்றாவிட்டால், அழைப்பு பழைய வீட்டிற்குப் போகும். அங்கே குடியிருக்கும் வேறொருவர் அதைக் குப்பையில் போடுவார். அடிக்கடி வீடு மாறுபவருக்கே வீடு தேவை மிகுதி. ஆனால் வரிசை நிலையான முகவரி உள்ளவருக்கே எளிதாகிறது.

பாரங்கள் மலாய் மொழியில் உள்ளன, இப்போது பெரும்பாலும் இணையத்தின் வழியே நிரப்பப்படுகின்றன. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து நின்றுவிட்ட தாய்க்கு இரண்டுமே தடைகள். கிராணியார் எழுதித் தந்த காலம் போய்விட்டது. அவ்விடத்தில் இன்று இருக்கக்கூடியவர் பள்ளியில் உதவித்தொகைப் பாரங்களைக் கையாளும் ஆசிரியர்தாம். முதலாம் ஆண்டுச் சேர்க்கையின்போது பெற்றோர் கொண்டுவரும் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் அவர் பார்க்கிறார். தந்தை பெயர் விடுபட்டிருப்பதும் தாயின் அட்டை சிவப்பாக இருப்பதும் அப்போதே தெரிந்துவிடும். வீட்டுப் பேச்சு எழுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதைச் சுட்டிக்காட்டிப் பதிவு இலாகாவிற்கு அனுப்பிவைக்க அவரால் முடியும்.

பள்ளிக்கும் இதில் நலன் உண்டு. புஞ்சாக் ஆலாமிலிருந்து வெளியேறும் குடும்பம் அடுத்து எங்கே மலிவாக வாடகை கிடைக்கிறதோ அங்கே போகிறது. அங்கே தமிழ்ப்பள்ளி பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கலாம், பள்ளிப் பேருந்துக் கட்டணம் கட்டுப்படியாகாமல் போகலாம். அருகிலுள்ள தேசியப்பள்ளியில் பிள்ளை சேர்கிறது. மாணவர் எண்ணிக்கை குறைவதை நாம் ஆண்டுதோறும் பிறப்பு விகிதத்தோடும் பெற்றோர் மனப்போக்கோடும் சேர்த்துப் பேசுகிறோம். பள்ளி மாற்றுக் கடிதத்தில் காரணம் எழுதும் இடத்தில் ‘வீடு மாற்றம்’ என்று எத்தனை முறை எழுதப்பட்டுள்ளது என்பதைப் பள்ளிகள் தம் பழைய கோப்புகளைப் புரட்டி எண்ணிப் பார்க்கலாம்.